"பத்துக்கு எத்தனைம்மா வலி?" - பிரசவ அறையில் நாம் தப்பாகக் கேட்கும் ஒரு கேள்வி

1.
இது கொஞ்சம் நீளமான இழை. பிரசவ வலியை எப்படி அளப்பது என்பதைப் பற்றியது. "வலியை எதுக்கு டாக்டர் அளக்கணும், குறைச்சா போதாதா?" என்று கேட்பவர்கள் கடைசி வரை படியுங்கள். வீட்டில் கர்ப்பிணிப் பெண் இருந்தால், நேரம் இல்லாவிட்டாலும் 21, 22 ஆகிய இரண்டு பதிவுகளை மட்டுமாவது அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.

2.
பல வருடங்களுக்கு முன் ஒரு இரவுப் பணி. ரெண்டாவது பிரசவத்துக்கு வந்திருந்த பெண். முதல் குழந்தை சிசேரியன். இந்த முறை சுகப்பிரசவத்துக்கு முயற்சி செய்யலாம் என்று முடிவு செய்து கண்காணித்துக்கொண்டிருந்தோம். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் ஊரையே கூட்டிக்கொண்டிருந்தார். இவர் கட்டில் கம்பியைப் பிடித்தபடி சத்தமே இல்லாமல் படுத்திருந்தார். "பத்துக்கு எத்தனைம்மா வலி?" என்று கேட்டேன். "ஒரு அஞ்சு போட்டுக்கோங்க டாக்டரம்மா" என்றார். கேஸ் ஷீட்டில் 5 என்று எழுதிவிட்டு நகர்ந்தேன்.

3.
அரை மணி நேரம் இருக்கும். துணைக்கு இருந்த அவருடைய அப்பத்தா என்னைத் தேடி வந்தார். "ஆத்தா, புள்ளைக்கு வலி விட்டு விட்டு வரலயாம். ஒரே பிடியா பிடிச்சிருக்காம். பழைய தையல் கிட்ட சுருக்கு சுருக்குங்குதாம்." ஓடிப்போய் வயிற்றில் கை வைத்தேன். பழைய தழும்புக்கு மேல் தொட்டாலே துடித்தார். குழந்தையின் இதயத்துடிப்பு இறங்கத் தொடங்கியிருந்தது. உடனே தியேட்டர். வயிற்றைத் திறந்தபோது கர்ப்பப்பையின் பழைய தையல் விலக ஆரம்பித்திருந்தது.

4.
தாயும் பிள்ளையும் நலம். அந்தப் பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிறான். மறுநாள் ரவுண்ட்ஸில் அந்தப் பெண்ணிடம் கேட்டேன், "ஏம்மா அஞ்சுன்னு சொன்ன?" அவர் சொன்ன பதில் இன்றுவரை எனக்கு மறக்கவில்லை. "பத்துன்னா ரொம்ப அலட்டிக்கிறான்னு நினைப்பீங்க. ஒண்ணு ரெண்டுன்னா கண்டுக்க மாட்டீங்க. அதான் நடுவுல சொன்னேன்."
நான் கேட்டது வலியின் அளவு. அவர் காதில் விழுந்தது மார்க். அந்த 5 எனக்கு எதையும் சொல்லவில்லை. அந்த அப்பத்தாவின் மூன்று வரிதான் இரண்டு உயிரைக் காப்பாற்றியது.

5.
இங்கே என் தவறும் இருக்கிறது. எண் கிடைத்ததும் கேள்வி முடிந்துவிட்டது என்று நினைத்தேன். "எங்கே வலிக்குது, எப்படி வலிக்குது, நடுவுல விடுதா" என்று கேட்டிருந்தால் அரை மணி நேரம் முன்பே தெரிந்திருக்கும். அன்றிலிருந்து எனக்கு ஒரு எண்ணம். நம் ஊர்ப் பெண்கள் பேசுகிற வார்த்தைகளிலேயே பிரசவ வலியைக் கேட்கிற ஒரு வினாப்பட்டியல் நமக்கு வேண்டும். அது ஏன் என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

6.
முதலில் ஒரு வாட்ஸ்அப் வதந்தியைத் தள்ளிவைத்துவிடுவோம். "மனித உடல் 45 டெல் வலிதான் தாங்கும். பிரசவத்தில் 57 டெல். 20 எலும்பு ஒரே நேரத்தில் உடைவதற்குச் சமம்." அன்னையர் தினத்துக்கு அன்னையர் தினம் இது வந்துவிடும். டெல் என்று ஒரு அளவே மருத்துவத்தில் கிடையாது. இதற்கு எந்த ஆய்வும் ஆதாரமில்லை. தாயைப் போற்ற பொய்க் கணக்கு தேவையில்லை.

7.
"டோல்" என்று ஒன்று இருந்தது. 1940களில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தோலில் வெப்பத்தைப் பாய்ச்சி, வலியை அளக்கும் ஒரு கருவி செய்தார்கள். அதன் உச்சமே 10.5 டோல்தான். பிரசவ வலியில் இருந்த பெண்களின் கையில் அந்த வெப்பத்தை வைத்து, "இந்தச் சூடு பெரிசா, அந்த வலி பெரிசா?" என்று ஒப்பிட்டும் பார்த்தார்கள். படிக்கவே கஷ்டமாக இருக்கிறது இல்லையா? காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் போல வலிக்கும் ஒன்று கிடைத்துவிடும் என்ற ஆசை அது. கிடைக்கவில்லை. இன்றுவரை அப்படி ஒரு கருவி இல்லை.

8.
காரணம் எளிது. வலி அதை அனுபவிப்பவருக்கு மட்டுமே தெரியும். வலி குறித்த சர்வதேச ஆய்வுச் சங்கம் 2020இல் வலிக்கான தன் வரையறையைத் திருத்தியபோது, ஒருவர் தனக்கு வலிக்கிறது என்று சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்பதையும் குறிப்பாகச் சேர்த்தது. வாயால் சொல்ல முடியாதவருக்கு வலி இல்லை என்று அர்த்தமில்லை என்பதையும் சேர்த்தது. ஆக, வலியை அளக்க நம்மிடம் இருக்கும் முதன்மையான கருவி நோயாளியின் சொல்தான். அந்தச் சொல் எந்த மொழியில் இருக்கிறது என்பது அதனால்தான் முக்கியம்.

9.
இதை முதலில் ஒழுங்காகப் பிடித்தவர் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர் ரொனால்ட் மெல்சாக். நோயாளிகள் வலியைச் சொல்லப் பயன்படுத்தும் வார்த்தைகளைத் தொகுத்து, 78 சொற்களை 20 குழுக்களாகப் பிரித்து, 1975இல் மெக்கில் வலி வினாப்பட்டியலை வெளியிட்டார். "எவ்வளவு" என்பதோடு "எப்படிப்பட்ட வலி" என்பதையும் அது கேட்டது. 1987இல் அதைச் சுருக்கி 15 சொற்களாக்கினார். உலகம் முழுக்கப் பல மொழிகளுக்கு அது போயிருக்கிறது.

10.
அதே மெல்சாக் பிரசவ வலியையும் ஆராய்ந்தார். அதில் தெரிந்தவை இரண்டு. ஒன்று, மனிதர்கள் சந்திக்கும் மிகக் கடுமையான வலிகளில் பிரசவ வலியும் ஒன்று. இரண்டு, ஆளுக்கு ஆள் அது பெருமளவு மாறுகிறது. தலைச்சன் பிரசவத்தில் சராசரியாக அதிகம். ஆனால் சிலருக்கு ரெண்டாவதிலும் தாங்க முடியாத வலி, சிலருக்கு முதலிலேயே ஓரளவு தாங்கக்கூடியதாக இருந்தது. "நாங்க பெக்கலையா?" என்று மாமியார் கேட்கிற கேள்விக்கு மருத்துவம் சொல்லும் பதில் இதுதான்: உங்கள் வலி வேறு, உங்கள் மருமகள் வலி வேறு அம்மா.

11.
மெக்கில் பட்டியல் எல்லா வலிக்கும் பொதுவானது. பிரசவ வலிக்கு என்றே கனடாவின் டொரொன்டோவில் பமீலா ஆங்கிள் என்ற மருத்துவரும் குழுவினரும் ஒரு வினாப்பட்டியல் செய்தார்கள். 22 கேள்விகள், 5 பகுதிகள். வலியின் பிரம்மாண்டம், பயமும் பதற்றமும், கர்ப்பப்பை சுருங்கும் வலி, குழந்தை வெளிவரும் வலி, முதுகுவலியோடு சேர்ந்த நெடுநேர அலுப்பு. பயத்துக்குத் தனிப் பகுதி இருப்பதைக் கவனியுங்கள். பிரசவ அறையில் பாதி வலி பயத்தோடு பின்னிக்கிடக்கிறது என்பது அங்கே ஒரு நாள் நின்றவர்களுக்குத் தெரியும். பாரசீக மொழி பேசும் பெண்களுக்கு ஏற்ப இப்படிப்பட்ட வினாப்பட்டியலைத் தகவமைக்கும் வேலை நடந்திருக்கிறது. நம்மால் ஏன் முடியாது?

12.
"இதுல என்ன இருக்கு, நாலு பேர் உட்கார்ந்து மொழிபெயர்த்தா ஒரு மணி நேர வேலை" என்று தோன்றும். நானும் ஒருமுறை முயன்று பார்த்தேன். மெக்கில் சுருக்கப் பட்டியலின் 15 சொற்களையும் அகராதியை வைத்துக்கொண்டு தமிழாக்கினேன். கொறிப்பது போன்ற வலி என்று ஒரு சொல். "அரிக்கிற மாதிரி" என்று போட்டேன். படித்துக் காட்டினால், "அரிப்பெல்லாம் இல்லீங்க" என்று பதில் வருகிறது. தொட்டால் வலிக்கும் இடத்தைக் குறிக்கும் ஒரு ஆங்கிலச் சொல்லுக்கு அகராதி தரும் முதல் அர்த்தம் "மென்மையான". வலி எப்படிம்மா மென்மையா இருக்கும்?

13.
எல்லாவற்றையும் விட மோசம், "தண்டிக்கிற மாதிரி, கொடூரமான" என்று வரும் சொல். ஆங்கிலத்தில் அது வலி மனதைப் படுத்தும் பாட்டைச் சொல்கிறது. அதைத் தமிழில் அப்படியே கேட்டதும் ஒரு பெண்ணின் கண் கலங்கிவிட்டது. "நான் யாருக்கு என்ன பாவம் பண்ணினேன் டாக்டரம்மா?" நான் வலியைக் கேட்டேன். அவருக்கு அது கர்மக் கணக்காகப் போய்ச் சேர்ந்தது. சொல்லுக்குச் சொல் மாற்றினால் இதுதான் நடக்கும். கேள்வி சரி, மொழி சரி, ஆனால் கேட்கப்படுவது வேறு.

14.
இன்னொரு பக்கம் பாருங்கள். நம் பெண்களிடம் இருக்கும் வார்த்தைகள் அந்தப் பட்டியலில் இல்லை. சுண்டி இழுக்குது. விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. கடுக்குது. குடையுது. உளையுது. முறுக்கிப் பிடிக்குது. அடிவயிறு கனக்குது. இடுப்பைப் பிளக்குது. சுரீர்ங்குது. காந்துது. இவற்றில் ஒன்றுக்கொன்று எவ்வளவு வித்தியாசம்! "கடுக்குது" என்றால் மந்தமாக, தொடர்ந்து. "சுரீர்" என்றால் திடீரென்று, கூர்மையாக. சும்மா விவரிப்பதற்கான சொற்கள் அல்ல இவை. நோயைக் கண்டுபிடிக்க உதவும் சொற்கள்.

15.
பிரசவ வலிக்கு நம் ஊரில் "இடுப்பு வலி" என்றே பெயர். இதில் உடற்கூறு இருக்கிறது. முதல் கட்டத்தில் கர்ப்பப்பையும் அதன் வாயும் விரியும்போது, அந்த வலியைச் சுமக்கும் நரம்புகள் கீழ்முதுகுப் பகுதியின் தண்டுவடத்துக்குத்தான் போகின்றன. அதே மட்டத்தில்தான் இடுப்பு, கீழ்முதுகுத் தோலின் நரம்புகளும் நுழைகின்றன. அதனால் மூளைக்கு இடுப்பிலிருந்து வலி வருவது போலத் தெரிகிறது. குழந்தை கீழே இறங்கியபின் வலி வேறு நரம்புகள் வழியாக, பிறப்புறுப்பையும் ஆசனவாயையும் சுற்றி வருகிறது. அப்போது பெண்கள் சொல்வது, "வெளிக்கு வர்ற மாதிரி இருக்கு."

16.
இந்த "வெளிக்கு வருது" என்ற சொல்லை அறியாத ஒரு இளம் மருத்துவர் என்ன செய்வார்? பாத்ரூம் காட்டுவார். அனுபவமுள்ள சிஸ்டர் என்ன செய்வார்? கையுறை மாட்டுவார். ஏனென்றால் குழந்தையின் தலை கீழே வந்து அழுத்துகிறது, பிரசவம் நெருங்கிவிட்டது என்பதற்கான அறிகுறி அது. எந்த வெளிநாட்டுப் பட்டியலை மொழிபெயர்த்தாலும் இந்தச் சொல் இதே அர்த்தத்தோடு கிடைக்காது. இதேபோல "சூட்டு வலி". பொய் வலியையும் நிஜ வலியையும் பிரிக்க நம் பாட்டிகள் வைத்திருக்கும் பெயர். சீரகத் தண்ணி கொடுத்துப் பார்த்து, அடங்கினால் சூட்டு வலி என்பார்கள். அடங்குகிறதா, இடைவெளி குறைந்துகொண்டே வருகிறதா என்பதைத்தான் நாங்களும் பார்க்கிறோம்.

17.
"உயிர் போகுது" என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். நேரடியாக மொழிபெயர்த்தால் "நான் சாகிறேன்". வாசலில் கால் இடித்துக்கொண்டாலும் நாம் இதைத்தான் சொல்கிறோம். ஆனால் "உயிர் போயி உயிர் வருது" என்று ஒரு பெண் சொன்னால் அது வேறு. ஏறி, உச்சிக்குப் போய், இறங்கி, நடுவில் மூச்சு வாங்க இடம் கொடுத்து, மறுபடி ஏறும் வலி. கர்ப்பப்பை சுருங்கி விரிவதை இதைவிடச் சுருக்கமாக எந்தப் பாடப்புத்தகமும் சொன்னதில்லை. உயிர் போய், திரும்பி வராமல் ஒரே பிடியாக நின்றால்தான் எங்களுக்கு ஆபத்து மணி அடிக்க வேண்டும். 3ஆம் பதிவில் அந்த அப்பத்தா அடித்தது அந்த மணியைத்தான்.

18.
சரி, ஒரு வினாப்பட்டியலை இன்னொரு மொழிக்கு முறையாகக் கொண்டுவருவது எப்படி? 2000ஆம் ஆண்டிலிருந்து பரவலாகப் பின்பற்றப்படும் வழிமுறை ஒன்று இருக்கிறது. இரண்டு பேர் தனித்தனியாகத் தமிழாக்குவார்கள். ஒருவருக்கு மருத்துவம் தெரியும், ஒருவருக்குத் தெரியாது. இரண்டையும் ஒப்பிட்டு ஒன்றாக்க வேண்டும். மூலத்தைப் பார்க்காத வேறு இருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்குவார்கள். "அரிப்பு" மாதிரி விபத்துகள் இங்கே மாட்டிக்கொள்ளும். பிறகு மருத்துவர், செவிலியர், மொழி அறிந்தவர் எல்லாம் உட்கார்ந்து அலசி, 30 முதல் 40 பேரிடம் கேட்டுப் பார்க்க வேண்டும். "இந்தக் கேள்வி உங்களுக்கு என்னன்னு புரிஞ்சுது?" என்று ஒவ்வொருவரிடமும் விசாரிக்க வேண்டும்.

19.
அதன்பிறகுதான் புள்ளியியல். வலி கூடும்போது மதிப்பெண் கூடுகிறதா, வலி நிவாரணம் கொடுத்தபின் குறைகிறதா, ஒரே பகுதியில் உள்ள கேள்விகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றனவா? பிரசவ வலியில் கூடுதல் சிக்கல் ஒன்று உண்டு. மூட்டுவலி நோயாளியிடம் ஒரு வாரம் கழித்து அதே கேள்வியைக் கேட்டு, பதில் மாறாமல் இருக்கிறதா என்று சோதிக்கலாம். பிரசவ வலி மணிக்கு மணி மாறும். அதனால் மிகக் குறுகிய இடைவெளியில், அதுவும் வலி விட்டிருக்கும் நிமிடங்களில் மட்டுமே கேட்க முடியும். வலி உச்சத்தில் இருக்கும் பெண்ணிடம் 22 கேள்வி கேட்பது மனிதத்தன்மை இல்லை. ஆராய்ச்சிக்கு நீண்ட பட்டியல், வார்டுக்கு நாலைந்து கேள்விகள் என்று இரண்டு வடிவம் வேண்டும்.

20.
"கத்துறதைப் பார்த்தாலே வலி தெரியாதா டாக்டர்?" தெரியாது என்பதுதான் உண்மை. 1999இல் வெளியான ஒரு இஸ்ரேலிய ஆய்வில், பிரசவ வலியில் இருந்த யூதப் பெண்களும் பெதூயின் அரபுப் பெண்களும் தங்கள் வலிக்குக் கிட்டத்தட்ட ஒரே மதிப்பெண்தான் கொடுத்தார்கள். ஆனால் பார்த்துக்கொண்டிருந்த மருத்துவப் பணியாளர்கள் பெதூயின் பெண்களின் வலியைக் குறைவாக மதிப்பிட்டார்கள். அந்தப் பெண்கள் வெளியே காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். நம் வார்டிலும் இது நடக்கிறது. கத்தினால் "ஓவரா பண்றா". கத்தாவிட்டால் "இன்னும் வலி வரல". பொம்பளைப் புள்ள பல்லைக் கடிச்சிக்கிட்டு இருக்கணும் என்று சொல்லி வளர்த்த பிள்ளைகளிடம் சத்தத்தை வைத்து வலியை அளந்தால் என்ன கிடைக்கும்?

21.
இப்போது கர்ப்பிணிகளுக்கும் துணைக்கு இருப்பவர்களுக்கும். வலி வந்தால் ஐந்து விஷயத்தைக் கவனித்து, கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.
எங்கே? அடிவயிறா, இடுப்பா, பழைய தையல் பக்கமா, தோள்பட்டையா.
எப்படி? சுண்டி இழுக்குதா, கடுக்குதா, குத்துதா, கனக்குதா.
இடைவெளி? எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை, வந்தால் எவ்வளவு நேரம் நிற்கிறது. போனில் மணி பார்த்துக் குறியுங்கள்.
நடுவில் முழுசா விடுதா? இது மிக முக்கியம்.
மாறியிருக்கா? ஒரு மணி நேரத்துக்கு முன் இருந்ததற்கும் இப்போதைக்கும் என்ன வித்தியாசம்.
"வலிக்குது" என்ற ஒற்றைச் சொல்லைவிட, உங்கள் வீட்டில் பேசுகிற சொல்லிலேயே சொல்லுங்கள். டாக்டருக்குப் புரியுமா என்று யோசிக்க வேண்டாம். புரியாவிட்டால் கேட்டுத் தெரிந்துகொள்வது எங்கள் வேலை.

22.
உடனே மருத்துவமனையில் சொல்ல வேண்டியவை: வலி விடாமல் ஒரே பிடியாக இருப்பது, வயிறு கல் போல இறுகி இளகாமல் இருப்பது, ரத்தப்போக்கு, பழைய சிசேரியன் தழும்பில் வலி, நன்றாக வந்துகொண்டிருந்த வலி திடீரென்று நின்றுபோய் பெண் சோர்ந்துவிடுவது, குழந்தை அசைவு குறைவது, கடும் தலைவலியும் கண் மங்கலும், மேல்வயிற்று வலியும். பனிக்குடம் உடைந்தால் வலி இல்லாவிட்டாலும் கிளம்பிவிடுங்கள். வீட்டில் இருந்தால் 108. "சூட்டு வலியாத்தான் இருக்கும், விடியட்டும் பார்க்கலாம்" என்று இவற்றில் எதற்கும் காத்திருக்காதீர்கள். வந்து பார்த்துச் சூட்டு வலி என்று திருப்பி அனுப்பினால் அது நல்ல செய்திதான். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

23.
இனி எதிர்வாதங்கள். முதலாவது: "வலியை அளந்து என்ன பண்ணப் போறீங்க? அரசு ஆஸ்பத்திரியில எல்லாருக்கும் எபிடியூரலா கொடுக்கப் போறீங்க?" நியாயமான கேள்வி. 24 மணி நேரமும் மயக்கவியல் மருத்துவர் இருந்தால்தான் எபிடியூரல் சாத்தியம். எல்லா இடத்திலும் அது இன்று இல்லை. ஆனால் வலி நிவாரணம் என்றால் எபிடியூரல் மட்டும் இல்லை. ஊசி மருந்துகள், மசாஜ், இடுப்பில் சுடுநீர் ஒத்தடம், மூச்சுப்பயிற்சி, நடமாட விடுவது, பக்கத்தில் ஒரு ஆள். உலக சுகாதார நிறுவனத்தின் 2018 பிரசவக்காலப் பரிந்துரைகளில் இவை எல்லாம் இருக்கின்றன. தேவை எவ்வளவு என்று எழுதி வைக்காதவரை, "எங்களுக்கு இன்னொரு மயக்க மருத்துவர் வேண்டும்" என்று எந்தக் கணக்கைக் காட்டிக் கேட்பது? எழுதப்படாத வலிக்கு பட்ஜெட் வராது.

24.
துணை என்றதும் சாதாரணமாக நினைக்காதீர்கள். 17 நாடுகளில் 15,000க்கும் மேற்பட்ட பெண்களை உள்ளடக்கிய ஆய்வுகளை 2017இல் காக்ரேன் அமைப்பு தொகுத்துப் பார்த்தது. பிரசவம் முழுக்க ஒருவர் தொடர்ந்து கூடவே இருந்தால் சுகப்பிரசவம் கூடுகிறது, சிசேரியன் குறைகிறது, பிரசவ நேரம் குறைகிறது, வலி மருந்தின் தேவையும் குறைகிறது. மத்திய அரசின் லக்ஷ்யா திட்டமும் பிரசவத் துணையை வலியுறுத்துகிறது. துணைக்கு வருகிறவர் பயமுறுத்தாதவராக இருக்கட்டும். நீங்கள் அனுபவித்த கஷ்டத்தைக் கதையாகச் சொல்ல இது நேரமில்லை. தண்ணி கொடுங்க, இடுப்பைத் தேய்ச்சுவிடுங்க, பார்ப்பதை எங்களிடம் சொல்லுங்க.

25.
இரண்டாவது: "வலி இயற்கை. தாங்கினால்தான் தாய்." கர்ப்பகால ரத்தசோகையும்தான் காலம் காலமாக இருந்தது. அதற்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறோமே? கட்டுக்கடங்காத வலியும் பயமும் அட்ரினலினைக் கூட்டும். அது கர்ப்பப்பையின் சீரான சுருக்கத்தைக் கெடுத்து பிரசவத்தை இழுத்தடிக்கலாம். வலியைத் தாங்க விரும்பும் பெண் தாங்கட்டும், அது அவர் விருப்பம். வேண்டாம் என்பவரைத் தாங்கச் சொல்ல நாம் யார்?

26.
மூன்றாவது: "முதுகுல ஊசி போட்டா காலம் பூரா முதுகுவலி, கடைசில சிசேரியன்ல முடியும்." எபிடியூரல் போட்டுக்கொண்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் நீண்டகால முதுகுவலியில் வித்தியாசம் தெரியவில்லை, சிசேரியன் விகிதமும் கூடவில்லை என்று 2018 காக்ரேன் தொகுப்பு சொல்கிறது. மறுபக்கம் பாருங்கள். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். இந்திய சராசரி 21.5. காரணங்கள் பல. அதில் வலி பயமும் ஒன்று. "வலிக்கு முன்னாடியே அறுத்து எடுத்துடுங்க டாக்டர்" என்று கேட்கும் குடும்பங்களை வாரம் ஒருமுறையாவது பார்க்கிறேன். "வலியை நாங்கள் கவனித்துக்கொள்கிறோம்" என்று நம்பிக்கையாகச் சொல்ல முடிந்தால் அதில் சிலராவது மனம் மாறுவார்கள் என்பது என் கருத்து.

27.
நான்காவது எங்கள் ஆட்களிடமிருந்து: "ஏற்கனவே எழுதியே கை ஒடியுது, இன்னொரு ஃபாரமா?" இதுதான் உண்மையான தடை. ஒரே சிஸ்டர் நாலு பிரசவம் பார்க்கும் இரவுகள் உண்டு. அதனால்தான் வார்டுக்கு நாலைந்து கேள்விக்கு மேல் வேண்டாம் என்கிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 பிரசவப் பராமரிப்பு அட்டையில் துணை, வலி நிவாரணம், நீராகாரம், உடல்நிலை ஆகியவற்றுக்கு ஏற்கனவே கட்டம் இருக்கிறது. அந்தக் கட்டத்தை டிக் அடித்து நிரப்பாமல், பெண் சொன்ன சொல்லை அப்படியே எழுதினால் போதும். "உயிர் போயி வருது" என்று கேஸ் ஷீட்டில் தமிழில் எழுதக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை.

28.
இந்த வேலையைத் தொடங்க புதுக்கோட்டையை விடப் பொருத்தமான இடம் எது? டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி 1886இல் பிறந்த ஊர். மகாராஜா கல்லூரியில் பெண்ணாக நுழைந்து, 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றவர். அவர் பெயரில்தான் 1987இல் 300 ரூபாயில் தொடங்கி இன்று 18,000 ரூபாயாக இருக்கும் மகப்பேறு உதவித் திட்டம் நடக்கிறது. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தில் லட்சம் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்ட மாவட்டம் இது. பிரசவ வார்டில் இன்று படுத்திருப்பது அந்தப் பெண்களின் பேத்திகள். 2017இல் வந்த அரசு மருத்துவக் கல்லூரியும் இங்கே இருக்கிறது. மணமேல்குடி கடற்கரைப் பெண் சொல்லும் வார்த்தை வேறு, பொன்னமராவதிப் பெண் சொல்வது வேறு. முதலில் அந்தச் சொற்களைத் தொகுக்க வேண்டும். ஒரு பட்டமேற்படிப்பு மாணவர், இரண்டு செவிலியர், ஒரு தமிழாசிரியர் இருந்தால் வேலையை ஆரம்பித்துவிடலாம்.

29.
இன்னொன்றையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். வேலைக்கு வந்த வடமாநிலக் குடும்பங்களின் பெண்கள், வீட்டில் வாக்ரிபோலி பேசும் நரிக்குறவர் பெண்கள், காது கேளாத பெண்கள். தமிழே தெரிந்தவரின் வலியே நமக்கு 5 என்றுதான் கேட்டது. இவர்களுடைய வலி நமக்கு எண்ணாகக்கூட வந்து சேர்வதில்லை. தமிழுக்குச் செய்யும்போதே, எப்படிச் செய்வது என்பது நமக்குப் பழகிவிடும்.

30.
முடிக்கிறேன். நான் இப்போது "பத்துக்கு எத்தனை?" என்று கேட்பதை விட்டுவிடவில்லை. கூடுகிறதா குறைகிறதா என்று பார்க்க அது உதவும். ஆனால் கேட்பதற்கு முன், "இது மார்க் இல்லம்மா, கூடச் சொன்னாலும் யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டோம்" என்று சொல்லிவிடுகிறேன். எண்ணைக் கேட்டபின், "எப்படி இருக்கு, உன் வார்த்தையில சொல்லு" என்று ஒரு நிமிடம் நிற்கிறேன். துணைக்கு இருக்கும் அப்பத்தாவிடமும் கேட்கிறேன். கூடுதலாக ஆவது ஒரு நிமிடம்தான்.
உங்கள் வீட்டில், உங்கள் ஊரில் பிரசவ வலியை எப்படிச் சொல்வார்கள்? ஊர்ப் பெயரோடு கீழே எழுதுங்கள். அம்மாவிடம், ஆச்சியிடம் கேட்டு எழுதினால் இன்னும் நல்லது. எல்லாவற்றையும் ஒரு நோட்டில் தொகுத்துக்கொண்டிருக்கிறேன்.